ஆறு நோட்டிலும் ஒரே தப்பு: மாணவர்கள் ஏன் காப்பி அடிக்கிறார்கள்

காலை எட்டே முக்கால். பிரேயருக்கு மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு அறையில் கடைசி பெஞ்சில் ஒரு கணக்கு நோட்டு திறந்து கிடக்க, அதைச் சுற்றி ஐந்து தலைகள் குனிந்திருக்கின்றன. கூட்டு வட்டிக் கணக்கு. அசல் 7,000 ரூபாய், 8 சதவீதம், 2 ஆண்டு. முதல் ஆண்டு வட்டி 560, இரண்டாம் ஆண்டுக்கான அசல் 7,560, அதற்கு வட்டி 604.80, மொத்தக் கூட்டு வட்டி 1,164.80. நோட்டுக்குச் சொந்தக்காரர் அவசரத்தில் 7,560ஐ எழுதிய விதத்தில் 7 என்பது 1 போலத் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவர் 1,560 என்று எழுதுகிறார். அவரைப் பார்த்து அடுத்தவரும் அப்படியே எழுதுகிறார்.

மாலையில் நோட்டுகளைத் திருத்தும்போது ஐந்து நோட்டில் 1,560, அதற்கு அடுத்த வரியில் 604.80, கடைசியில் சரியான விடை. 1,560 ரூபாய்க்கு 8 சதவீதம் 124.80தான் வரும். அந்த வரியை ஐந்து பேரில் ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆறாவது நோட்டு, முதலில் எழுதியது, அதிலும் 7 என்பது 1 மாதிரிதான் இருக்கிறது. ஆசிரியர் ஆறுக்கும் சேர்த்துச் சிவப்பு மையால் சுழிக்கிறார்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் சோம்பேறித்தனம், செல்போன், வளர்ப்பு. இவை முழுப் பொய் இல்லை. ஆனால் குணம்தான் காரணம் என்றால் காப்பி அடிக்கிற பிள்ளை எங்கும் அடிக்க வேண்டும், அடிக்காத பிள்ளை எங்கும் அடிக்கக் கூடாது. 1920களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளை வகுப்பறை, வீடு, விளையாட்டு எனப் பல இடங்களில் சோதித்துப் பார்த்தார்கள். 1928ல் வெளியான அவர்களுடைய முடிவு இன்றுவரை பேசப்படுகிறது. ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்தில் நேர்மையாக இருந்தது, நேர்மையாக இருந்த பிள்ளை வேறோரிடத்தில் ஏமாற்றியது. சூழ்நிலைதான் பெரும்பாலும் தீர்மானித்தது. ஆகவே எந்தப் பிள்ளை காப்பி அடிக்கும் என்பதைவிட, எந்த வேலை காப்பி அடிக்க வைக்கும் என்று கேட்பதில் பலன் அதிகம்.

இந்தக் கேள்விக்கு நல்ல விடை ஒன்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பாடத்திலிருந்து 2010ல் வந்தது. டேவிட் பிரிட்சார்ட் குழுவினர், மாணவர்களைக் கேட்பதோடு நிற்காமல், கணினியில் அவர்கள் வீட்டுப்பாடம் சமர்ப்பித்த நேரங்களை ஆராய்ந்தார்கள். ஒரு கடினமான கணக்கைத் திறந்த சில நொடிகளில் பிசகில்லாமல் விடை வந்தால் அது எங்கிருந்தோ எடுத்தது என்று கண்டுகொள்ளலாம். சுமார் 11 சதவீத விடைகள் அப்படிப்பட்டவை. அவை எப்போது அதிகமாகின என்பதுதான் முக்கியம்: கெடு நெருங்க நெருங்க, ஒரு வீட்டுப்பாடத்தின் கடைசிக் கணக்குகளில், பருவத்தின் பிற்பகுதியில். பெரும்பாலான மாணவர்கள் கெடுவுக்கு முந்தைய மூன்று நாட்களில் சீராக வேலை செய்தார்கள். அடிக்கடி காப்பி அடித்தவர்கள் தொடக்கத்தில் தொடவே இல்லை. பாடத்துக்குள் நுழையும்போது அவர்களுக்கு இருந்த கணித, இயற்பியல் திறமைக்கும் காப்பிக்கும் தொடர்பு மிகக் குறைவு, சில அளவுகோல்களில் இல்லவே இல்லை. நேரம் இல்லாமல் போனதே உடனடிக் காரணம் என்று ஆய்வு சொல்கிறது. 30 சதவீதத்துக்கு மேல் காப்பி அடித்தவர்கள் தேர்ச்சி பெறாமல் போகும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் சுமார் மூன்று மடங்கு.

நம் பள்ளிக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். 2020ல் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட பள்ளிப் பை கொள்கையின்படி 1, 2ஆம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது. 3 முதல் 5 வரை வாரத்துக்கு 2 மணி நேரம், 6 முதல் 8 வரை நாளுக்கு 1 மணி நேரம், 9 முதல் 12 வரை நாளுக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். எட்டாம் வகுப்புக்கு ஐந்து ஆசிரியர்கள் வருகிறார்கள். ஒவ்வொருவரும் கொடுப்பது இருபது நிமிட வேலைதான், கேட்டால் கொஞ்சம்தான் என்பார்கள், அது உண்மையும்கூட. ஐந்தையும் கூட்டினால் 100 நிமிடம். அந்தக் கூட்டலைப் போடுவது யாருடைய வேலையும் இல்லை. பள்ளி முடிந்து டியூஷன் போய், ஏழரைக்கு வீடு வந்து சேரும் பிள்ளைக்கு முதலில் எதை விடுவது என்ற கணக்குதான் மிஞ்சும். அடி விழாத பாடம், திருத்தாத நோட்டு, நண்பனிடம் உறுதியாகக் கிடைக்கும் விடை: இந்த வரிசையில்தான் விடுவார்கள். காலை எட்டே முக்காலுக்குக் கடைசி பெஞ்சில் நடப்பது முந்தைய நாள் இரவே முடிவாகிவிடுகிறது.

நேரம் மட்டும் காரணம் என்றால் விடுமுறையில் கொடுத்த வேலையை யாரும் காப்பி அடிக்கக் கூடாதே. அதையும் அடிக்கிறார்கள். அங்கே வேறொரு காரணம் இருக்கிறது, நம் ஊரில் அது ஆழமாக ஊறிப்போன காரணம்.

ஒரு பிள்ளை ஐந்து மதிப்பெண் கேள்விக்குத் தன் சொந்த வார்த்தையில் பதில் எழுதுகிறது. கருத்து சரி. ஆனால் பாடப்புத்தகத்தில் உள்ள வாக்கியம் வரவில்லை, கைடில் உள்ள உட்தலைப்புகள் வரவில்லை, மூன்று மதிப்பெண். பக்கத்தில் கைடை வரிக்கு வரி ஒப்பித்து எழுதிய பிள்ளைக்கு ஐந்து. இது இரண்டு முறை நடந்தால் போதும், பதில் என்பது ஏற்கெனவே எழுதப்பட்டு எங்கோ இருக்கிறது, அதை நோட்டுக்குக் கொண்டுவருவதுதான் தன் வேலை என்று பிள்ளை புரிந்துகொள்ளும். கைடிலிருந்து மூளை வழியாக வந்தால் மனப்பாடம், நண்பன் நோட்டிலிருந்து கண் வழியாக வந்தால் காப்பி. பெரியவர்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய சுவர் தெரிகிறது. பிள்ளைக்கு வித்தியாசம் உழைப்பின் அளவில் மட்டும்தான்.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளிடம் இது இன்னும் கூர்மை. வீட்டிலும் தெருவிலும் தமிழ், வகுப்பிலும் பாதி விளக்கம் தமிழில். ஒளிச்சேர்க்கை என்ன என்று கேட்டால் வாயால் தெளிவாகச் சொல்வார்கள். அதையே ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதச் சொன்னால் முடியாது. புரிந்ததற்கும் எழுதுவதற்கும் இடையே பாலம் இல்லாத இடத்தில் கைடு வாக்கியமோ நண்பன் வாக்கியமோதான் வழி. இந்தப் பிள்ளையை ஏமாற்றுகிறவன் என்று சொல்வது நியாயமே இல்லை.

பிள்ளைகள் தாங்களாகச் செய்ய வேண்டிய வேலையை அமைப்பே போலியாக மாற்றும் இடம் ஒன்று உண்டென்றால் அது ரெக்கார்ட் நோட்டுதான். பிளஸ் டூ வேதியியலில் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, மீதி செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும். ரெக்கார்ட் நோட்டு முடிந்து, கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். ஒரு கரைசலின் வலிமையை அளந்து கண்டுபிடிக்கும் பருமனறி பகுப்பாய்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூம்புக் குடுவையில் பிப்பெட்டால் 20 மில்லி ஆக்சாலிக் அமிலம், அதோடு ஒரு சோதனைக்குழாய் அளவு நீர்த்த சல்பியூரிக் அமிலம், 60 முதல் 70 டிகிரி வரை சூடு, பிறகு பியூரெட் என்ற, அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பொட்டாசியம் பெர்மாங்கனேட். வெளிர் இளஞ்சிவப்பு நிறம் வந்து அரை நிமிடம் நின்றால் முடிவுநிலை.

ஒரு முறை செய்யக் குறைந்தது எட்டு, பத்து நிமிடம் ஆகும். ஒத்த அளவீடு கிடைக்க மூன்று முறை, அதாவது அரை மணி. வலிமை தெரிந்த கரைசலுக்கு ஒன்று, தெரியாத கரைசலுக்கு ஒன்று என இரண்டு தொடர், ஒரு மணி நேரம். நான்கு பேருக்கு ஒரு பியூரெட் என்றால் நான்கு மணி நேரம் வேண்டும். இருப்பது இரண்டு பீரியட் சேர்த்து 80 நிமிடம். ஒருவர் செய்வார், மூன்று பேர் பார்ப்பார்கள். ஆனால் நான்கு ரெக்கார்டிலும் நான்கு பேர் தனித்தனியாகச் செய்ததாக அட்டவணை இருக்க வேண்டும். ஆகவே மற்ற மூவரும் எண்களை உண்டாக்குகிறார்கள். வகுப்பில் யாருக்கோ கிடைத்த விடையை வாங்கி, பின்னோக்கிக் கணக்குப் போட்டு, பியூரெட் அளவீட்டைக் கண்டுபிடித்து எழுதுகிறார்கள்.

உண்மையாகச் செய்தவர் அட்டவணையைப் பார்த்தாலே தெரியும். முதல் முறை கை தடுமாறி நிறம் தாண்டிப் போயிருக்கும்: 20.6. அடுத்து 20.2, மூன்றாவது 20.2. உண்டாக்கிய அட்டவணையில் மூன்றும் 20.2. அல்லது 20.15 என்று இருக்கும், 0.1 மில்லிக்குக் கோடு போட்ட பியூரெட்டில் அப்படித் துல்லியமாக ஒரு பள்ளி மாணவர் படிப்பது அரிது. வருத்தமான விஷயம், மூன்றும் ஒத்துப்போன அட்டவணைக்குத்தான் ‘நன்று’ கிடைக்கிறது, 20.6 எழுதியவரிடம் ஏன் இப்படி என்று கேள்வி வருகிறது. தப்பான முதல் அளவீட்டை அடித்துவிட்டுச் சரியாக எழுதிக் கொண்டுவரச் சொல்லும் பழக்கம், அளவீட்டைத் திருத்துவது தவறில்லை என்று பதினேழு வயதில் கற்றுக்கொடுக்கிறது. இந்த ஒன்றை மட்டும் ஆய்வகங்கள் நிறுத்தினாலே பெரிய காரியம்.

காப்பிக்கு இரண்டு பேர் வேண்டும். கொடுப்பவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு நோட்டைக் கொடுப்பதால் மதிப்பெண் லாபம் எதுவும் இல்லை. கொடுக்காவிட்டால் நஷ்டம் உண்டு. ‘ரொம்ப பந்தா பண்றா’ என்ற பெயர் வரும், கபடிக்குக் கூப்பிட மாட்டார்கள், சாப்பிடும்போது பக்கத்தில் இடம் இருக்காது. பதின்மூன்று வயதில் இது மதிப்பெண்ணைவிடப் பெரிய விஷயம். அதோடு, இல்லாதவனுக்குக் கொடுப்பது நல்லது என்றுதானே வீட்டில் சொல்லி வளர்த்தோம்? பேனாவைக் கொடுக்கலாம், டிபன் பாக்ஸைப் பகிரலாம், நோட்டை மட்டும் கூடாது என்பதற்கான காரணத்தை யாரும் பிள்ளைக்கு உட்கார்ந்து விளக்கியதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் பல்லாண்டுகள் இதை ஆராய்ந்த டொனால்ட் மெக்கேப், சக மாணவர்கள் காப்பி அடிக்கிறார்கள் என்ற எண்ணமே ஒருவரைக் காப்பி அடிக்க வைக்கும் வலுவான காரணம் என்று திரும்பத் திரும்பக் கண்டார்.

‘எல்லாரும்தான் அடிக்கிறாங்க’, ‘மிஸ் எப்படியும் பார்க்க மாட்டாங்க, டிக் மட்டும்தான் போடுவாங்க’, ‘இந்தப் பாடம் எனக்கு எதுக்கு’ என்று பிள்ளைகள் சொல்வதைச் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. குற்றம் செய்யும் இளைஞர்கள் முன்கூட்டியே மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ளும் விதங்களை 1957ல் சைக்ஸ், மட்சா என்ற சமூகவியலாளர்கள் வகைப்படுத்தினார்கள். மேலே உள்ள வாக்கியங்களும் அந்த மாதிரிச் சமாதானங்கள்தான். செய்வது தவறு என்று தெரிந்திருப்பதால்தான் சமாதானம் தேவைப்படுகிறது. இரண்டாவது வாக்கியத்தில் உண்மையும் இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு டிக் மட்டும் போட்டுத் திருப்பித் தரும் நோட்டை உழைத்து எழுதக் காரணம் தேடுவது கடினம்.

பரீட்சை அறையில் நடப்பது வேறு வகை. கைடைச் சிறிதாக்கிய மைக்ரோ ஜெராக்ஸ், முழுக்கைச் சட்டைக்குள் பிட், ஒரு மதிப்பெண் கேள்விக்கு விரல் சைகை. அதற்குப் பறக்கும் படை, தேர்வு ரத்து, மறுபடி எழுதத் தடை என்று தண்டனைகள் இருக்கின்றன. கண்காணிப்பு தேவைதான், ஆனால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதை உத்தரப் பிரதேசம் காட்டியது. 1992ல் அங்கே காப்பி அடிப்பதைக் கைது செய்யத்தக்க குற்றமாக்கிச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றவர்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு. பிள்ளைகள் சிறைக்குப் போனார்கள். ஆட்சி மாறியதும் சட்டம் நீக்கப்பட்டது. அந்த எண் சொல்வது ஒன்றுதான்: ஆண்டு முழுவதும் வகுப்பில் கற்பிக்கப்படாதது, கடைசி நாளில் காவலர் வந்து நின்றதும் வெளியே தெரிந்தது.

இப்போது செல்போனில் கேள்வியைப் படம் எடுத்தால் வரிவரியாக விடை வருகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு கட்டுரையும் வருகிறது. நண்பனிடம் வாங்கினால் ஆறு நோட்டில் ஒரே தப்பு இருக்கும். இதில் அந்தத் தடயமும் இல்லை. ஆனால் விளைவு பழையதுதான். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அர்னால்ட் கிளாஸ் 2008 முதல் பல ஆண்டு மாணவர்களை ஒப்பிட்டார். வீட்டுப்பாடம் செய்ததால் தேர்வில் பயன் கிடைக்காதவர்கள் 2008ல் 14 சதவீதம், 2017ல் 55 சதவீதம். இணையத்தில் விடை தேடி எழுதும் பழக்கம் பரவியதே காரணம் என்பது அவர் முடிவு. துருக்கியில் சுமார் ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த சோதனையில், சாட்ஜிபிடி போன்ற கருவியை வைத்துக் கணக்குப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாக எடுத்தார்கள். கருவியை வாங்கிவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவு. விடையைக் கொடுக்காமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

இனி, செய்யக்கூடியவை. எம்ஐடியில் 11 சதவீதக் காப்பி 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஒரே பெரிய கெடுவைச் சிறு கெடுக்களாக உடைத்ததும், பெரிய விரிவுரை அரங்கை விட்டுச் சிறு குழுவாக உட்கார்ந்து செய்ய வைத்ததும் அந்த மாற்றங்களில் அடக்கம். நம் வகுப்பில் இதற்குச் செலவில்லாத வடிவம் உண்டு. பீரியடின் கடைசி எட்டு நிமிடத்தில் வீட்டுப்பாடத்தின் முதல் கணக்கை வகுப்பிலேயே தொடங்க வைக்க வேண்டும். காப்பி அடிப்பவர் தொடங்காதவர், தொடங்கிவிட்டவர் பெரும்பாலும் முடிப்பார். எங்கே மாட்டிக்கொள்வார் என்பதும் அப்போதே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். பதினைந்து கணக்குக்குப் பதில் ஐந்து போதும்.

எண்களைப் பிள்ளைக்குப் பிள்ளை மாற்றுவது கணக்குப் பாடத்தில் எளிது. அசல் = 5,000 + (வரிசை எண் × 100) என்று கரும்பலகையில் எழுதினால் போதும். 17ஆம் எண் மாணவருக்கு அசல் 6,700. 8 சதவீதத்தில் 2 ஆண்டுக் கூட்டு வட்டி 1,114.88. ஆசிரியருக்கு 45 விடை தேவையில்லை, 832 + (வரிசை எண் × 16.64) என்ற ஒரே வாய்பாட்டில் எல்லா விடையும் வந்துவிடும். அப்போதும் பிள்ளைகள் நண்பன் நோட்டைப் பார்ப்பார்கள். ஆனால் வழிமுறையைப் பார்த்துத் தன் எண்ணைப் போட வேண்டியிருக்கும், அது கற்றல்தான்.

வாய்மொழிக் கேள்விக்கு நேரம் இல்லை என்பது சரியான ஆட்சேபம். 45 பேருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் மூன்று பீரியடுக்கு மேல் போய்விடும். நாளுக்கு ஐந்து பேர், யார் என்று முன்கூட்டிச் சொல்லாமல் கேட்டால் ஒன்பது வேலை நாளில் வகுப்பு முழுவதும் முடியும், நாளுக்கு 15 நிமிடம். ஒரு வரியைச் சுட்டி ‘இது எப்படி வந்தது?’ என்ற ஒரே கேள்வி. ஆய்வகத்தில் என்றால், பெர்மாங்கனேட்டின் முதல் சில சொட்டு நிறம் மறைய எவ்வளவு நேரம் ஆனது, பிறகு எப்படி மறைந்தது என்று கேட்கலாம். முதலில் மெதுவாக, பிறகு சட்டென்று மறையும். குடுவையைக் கையில் ஆட்டியவருக்கு மட்டும் அது நினைவிருக்கும். பியூரெட்டில் எந்த விளிம்பைப் படித்தாய் என்றும் கேட்கலாம். கரைசல் அடர்நிறம், கீழ் வளைவு தெரியாது, மேல் விளிம்பைத்தான் படிக்க முடியும்.

வீட்டில் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியும் ‘முடிச்சிட்டியா?’ என்பதல்ல. அதற்கு ‘முடிச்சிட்டேன்’ என்ற விடை காலையில் நோட்டு வாங்கினாலும் உண்மையாகிவிடும். ‘எதுல மாட்டிக்கிட்ட?’ என்று கேட்டால் பேச ஏதாவது கிடைக்கும். சார்ட், மாடல் எல்லாவற்றையும் கடையில் வாங்கி, இரவு பதினொரு மணிக்கு அம்மா ஒட்டிக் கொடுக்கும் ப்ராஜெக்ட் இருக்கிறதே, அதுவும் காப்பிதான். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டுதான் தூங்கப் போகிறது.

பிடிபட்ட பிறகு செய்வது பற்றி ஒன்று. வகுப்பின் முன் நிறுத்திச் சத்தம் போட்டால் அடுத்த முறை இன்னும் கவனமாகக் காப்பி அடிப்பார்கள், எண்களையும் தெளிவாகப் பார்த்து எழுதுவார்கள். அந்த ஆறு பேரையும் மதிய இடைவேளையில் கூப்பிட்டு, ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்து, அதே கணக்கை எதிரில் உட்கார்ந்து போடச் சொன்னால் பத்து நிமிடத்தில் ஆறு பேரும் ஒரே ரகம் இல்லை என்பது தெரியும். சிலர் தடுமாறாமல் போடுவார்கள், அவர்களுக்கு முந்தைய நாள் நேரம் இல்லை, அவ்வளவுதான். ஒருவர் இரண்டாம் ஆண்டுக்கும் 7,000 என்றே எடுப்பார், அவருக்குக் கூட்டு வட்டி இன்னும் தனிவட்டியாகவே இருக்கிறது. இன்னொருவர் 7,560ஐ எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் உட்கார்ந்திருப்பார். சதவீதமே அவருக்கு ஏழாம் வகுப்பில் நின்றுபோயிருக்கிறது. 7,560ல் ஒரு சதவீதம் 75.60, அதை எட்டால் பெருக்கினால் 604.80. அவருக்குப் பாடம் இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.